வெளியிலிருந்து மூடும் கதவு

1

அந்தக் கதவு வெளியிலிருந்து மட்டும்தான் மூடும். இதைச் சொல்ல நான் எழுந்து நின்றபோது நாற்பது பேர் சிரித்தார்கள். அந்த நாற்பது பேரில் ஒருத்தி என் மகள்.

நடந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஆத்திரம் இன்னும் தணியவில்லை. காரைக்காலில் இதைப் படிக்கிறவர்கள், "பிரான்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு சினிமாக் கதவுக்காகச் சண்டை போடுகிறாளே" என்று சொல்லக்கூடும். சொல்லுங்கள். என் கணவர் அந்துவான் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

இந்தப் பிப்ரவரியோடு நான் ஊரைவிட்டு வந்து பதிமூன்று வருஷம். வருஷா வருஷம் அந்தத் தேதியில் அந்துவான் பேருந்துப் பணிமனையிலிருந்து திரும்பும் வழியில் கேக் வாங்கி வருவார். நான், அவர், மகள் சில்வி மூன்று பேரும் வெட்டித் தின்போம். இந்த வருஷமும் வாங்கி வந்தார். முந்தின நாள்தான் அந்தச் சிரிப்பு நடந்திருந்தது. கேக் மூன்று நாள் பெட்டியிலேயே இருந்து காய்ந்துபோயிற்று. யாரும் அதைத் தொடவில்லை.

2

எழுபத்து மூன்றாம் வருஷம். எங்கள் வீடு தலத்தெருவில். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சில் பட்டாளத்துக்காரரைச் சொல்தா என்பார்கள். 'சொல்தா வீடு' என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். செண்பகம் கிளிஞ்சல்மேட்டுப் பெண். பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு அவள் தன் அம்மாவோடு மீன் விற்கப் போனாள். நான் வீட்டில் உட்கார்ந்து மாப்பிள்ளைக்குக் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் மட்டும் டாக்கீஸில் இங்கிலீஷ் படம் போடுவார்கள். செண்பகம் மார்க்கெட்டை முடித்துவிட்டு நேராக வருவாள். துணைக்கு அவள் தம்பி முருகையன். பத்தொன்பது வயது. படகில் போய் வருகிறவன். நாங்கள் பெண்கள் பக்கத்துப் பெஞ்சில், அவன் தடுப்புக்கு அந்தப் பக்கம். எங்கள் மூன்று பேருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நான் பிரெஞ்சு படித்தவள் என்பதால் எல்லா வெள்ளைக்காரப் பேச்சும் எனக்குப் புரியும் என்று அவர்கள் நம்பினார்கள். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே போவேன்.

அந்தப் படத்துக்கு என் பொய் தேவைப்படவில்லை. நட்சத்திரங்களுக்கு நடுவே போகிற ஒரு கப்பல். அதில் ஆறு பேர். அதில் ஒரு பெண், இயந்திரம் பார்க்கிறவள். ஏதோ ஒரு கிரகத்தில் இறங்குகிறார்கள், புழுதிப் புயல் வருகிறது, உடனே கிளம்ப வேண்டும். கப்பல் கதவின் கைப்பிடி வெளிப்பக்கம் மட்டும் இருக்கிறது. உள்பக்கம் மழமழவென்று வெறும் தகடு. காமிரா அங்கே நின்று நிதானமாக அதைக் காட்டியது. அந்தப் பெண் இறங்கி, வெளியே நின்று கதவைச் சாத்துகிறாள். கப்பல் மேலே போகிறது. தலைவன் கண்ணாடி வழியாகப் பார்க்கிறான். அவ்வளவுதான் படம்.

வெளியே வந்ததும் செண்பகம் ஆரம்பித்தாள். "என்னடி படம் இது? ஒருத்திய அம்போன்னு விட்டுட்டுப் போறான், சனம் கை தட்டுது!"

"வேற வழியில்லடி. கதவு வெளியேருந்துதான் மூடும். யாராவது ஒருத்தர் நின்னுதான் ஆவணும்."

"அப்ப தலைவன் நிக்கட்டும்."

"அவன் நின்னுட்டா கப்பல யாரு ஓட்டுறது?"

"எங்க தெருவுல ஒரு ஆளு தவறித் தண்ணில விழுந்துட்டா படகு திரும்பும்டி. வலைய அறுத்துவிட்டுட்டுத் திரும்பும். ஆள விட்டுட்டு வந்தவன் கரையில கால் வைக்க முடியாது, தெரியுமா?"

முருகையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தான். "ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப்போச்சு. அந்தக் கதவச் செஞ்ச ஆசாரியப் புடிச்சு ஒதைக்கணும். ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி வச்சு எவனாவது கதவு செய்வானா?"

இந்த வழக்கு ஆறு மாதம் நடந்தது. மார்க்கெட்டில் நடந்தது, நெரவி பஸ்ஸில் நடந்தது, என் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போன கடையில்கூட நடந்தது. நான் ஒவ்வொரு முறையும் தலைவன் பக்கம்தான். என்னிடம் இருந்தது ஒரே சாட்சி, அந்தக் கதவு. அதை வைத்தே அவள் வாயை அடைத்தேன். ஒருநாள் செண்பகம் கேட்டாள், "நீ அந்தக் கப்பல்ல இருந்தா போயிருப்பியாடி?"

"கதவு அப்புடி இருந்தா போய்த்தானே ஆவணும்" என்றேன். அடுத்த பிப்ரவரியில் விமானம் ஏறினேன்.

3

பாரிசுக்கு வடக்கே, பாரிஸ் என்று சொல்லிக்கொள்ள முடியாத தூரத்தில், எட்டாவது மாடியில் எங்கள் வீடு. நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். படுக்கை விரிப்புகள் மலைபோல வரும், மடித்து மடித்து அனுப்ப வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. விரிப்புகள் என்னை எந்த ஊர் என்று கேட்பதில்லை.

அடையாள அட்டை புதுப்பிக்கும் அலுவலகம் கேட்கும். போன வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் என் பெயர் லூர்து மேரி என்றேன். பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'லூர்து' என்று எழுதினாள். அந்தப் பெயரில் இங்கே ஒரு ஊர் இருக்கிறது. அது என் பெயர், ஊர் இல்லை என்று விளக்கி அதைத் திருத்த ஏழு மாதம் ஆயிற்று. திருத்தப் போன இடத்தில் இன்னொருத்தி.

"பிறந்த ஊர்?"

"காரைக்கால்."

"எந்த நாடு?"

"நான் பிறந்தபோது அது உங்களுடையது."

"மதாம், காரைக்கால் இந்தியாவில் இருக்கிறது."

"இப்போது இருக்கிறது. நான் பிறந்த அன்று அங்கே பறந்தது உங்கள் கொடி. அந்தக் கொடிக்காக என் அப்பா ஒரு காதில் கேட்கும் சக்தியை இழந்தவர்."

அவள் ஒரு பட்டியலைப் புரட்டிப் பார்த்தாள். காரைக்கால் அதில் இல்லை. வெளிநாடு என்று எழுதிவிட்டு, நாட்டுரிமைச் சான்றிதழ் கொண்டு வரச் சொன்னாள். அதே அலுவலகத்தில் நான்கு தடவை கொடுத்திருக்கிறேன். என்னைவிட என் ஊரைப் பற்றித் தனக்கு நன்றாகத் தெரியும் என்று ஒரு முகம் வைத்துக்கொள்வார்கள். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குத் தலை முதல் கால் வரை எரியும்.

வீட்டுக்கு வந்தால் சில்வி. பன்னிரண்டு வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். வீட்டில் அவள் பேசுவதை இங்கே நம் பேச்சிலேயே எழுதுகிறேன். பஸ்ஸில் போகும்போது, "ம்மா, மெதுவா பேசு" என்பாள். மெதுவா என்றால் தமிழில் பேசாதே என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று வரும் கடிதங்களை அவள் அப்பாவிடம் மட்டும் காட்டுவதையும் கண்டுபிடித்துவிட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் என் பிள்ளை. விண்வெளிப் படம் என்றால் அவளுக்கும் உயிர். அந்தப் பழைய படத்தை இங்கே தொலைக்காட்சியில் போட்டபோது இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்தோம். அந்தக் கைப்பிடியை அவளுக்குக் காட்டியவளே நான்தான்.

4

அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் வந்திருக்கிறது என்று சில்விதான் ஓடிவந்து சொன்னாள். மூன்று பேரும் போனோம்.

இருபது வருஷம் கழித்துத் தலைவன் அந்தக் கிரகத்துக்குத் திரும்புகிறான். அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள். கண்ணாடிக் கூடாரத்துக்குள் செடி வளர்த்துத் தின்று, தனியாக, நரைத்த தலையோடு. அவன் இறங்கி வருகிறான். அவள் பார்க்கிறாள். பிறகு சிரிக்கிறாள். சந்தைக்குப் போய்விட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல ஒரு சிரிப்பு. கையைப் பிடித்துக்கொண்டு கப்பலில் ஏறுகிறார்கள். அதே கப்பல். மறுபடியும் புயல். தலைவன் உள்ளே நின்றபடி, உள்பக்கம் இருக்கும் ஒரு கைப்பிடியைப் பிடித்துக் கதவை இழுத்துச் சாத்துகிறான்.

"டேய்!" என்று கத்திவிட்டேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி உஸ் என்றார்கள். அந்துவான் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

உள்ளிருந்து மூடும் கதவை வைத்துக்கொண்டா அவளை இறக்கிவிட்டாய்? இருபது வருஷம் அவள் அங்கே கிடந்தது எதற்கு? படம் எடுத்தவர்களுக்கு அது நினைவே இல்லை. காமிரா அங்கே நிற்கக்கூட இல்லை. எனக்கோ அதற்குப் பிறகு ஓடியது எதுவும் கண்ணில் படவில்லை. இந்த ஆளுக்காக நான் செண்பகத்திடம் ஆறு மாதம் வாதாடியிருக்கிறேன்.

5

எங்கள் பகுதி நூலகத்தில் ஒரு சினிமா மன்றம் உண்டு. ரெனே என்ற தாடிக்காரர், நூலகத்தில் வேலை பார்க்கிறவர், அதை நடத்துகிறார். இந்தப் படத்துக்கு இரண்டு சனிக்கிழமை விவாதம் வைத்தார். முதல் வாரம் குறைகள், அடுத்த வாரம் நிறைகள். சில்வி போக வேண்டும் என்றாள். நானும் வருகிறேன் என்றேன். அவள் முகம் சற்று வாடியது. கவனித்தும் கவனிக்காததுபோல் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

நன்றாகத்தான் பேசினார்கள், அதை மறைக்க மாட்டேன். காற்றே இல்லாத இடத்தில் வெடிச்சத்தம் எப்படிக் கேட்கும் என்றார் ஒருவர். வானத்தில் இரண்டு சூரியன் இருக்கும்போது நிழல் ஏன் ஒரே பக்கம் விழுகிறது என்றாள் ஒரு பெண். இருபது வருஷத்தில் அவளுக்கு மட்டும் தலை நரைத்தது, தலைவனுக்குக் காதோரம் மட்டும் வெள்ளை என்று இன்னொருத்தி சொல்ல, பெண்கள் எல்லாரும் கை தட்டினோம். எரிபொருள் கணக்கைப் பற்றி ஒருவர் கால் மணி நேரம் பேசினார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. டாக்கீஸ் வாசலில் நிற்பது போலவே இருந்தது. கதவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கை தூக்கினேன்.

நாற்பது முகம் திரும்பியது. பிரெஞ்சில் வெளியே என்பது தெஓர், உள்ளே என்பது தெதான். பதிமூன்று வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொற்கள். அன்றைக்கு இரண்டையும் இடம் மாற்றிவிட்டேன். முதல் படத்தில் கதவு உள்ளிருந்து மூடும், இரண்டாவதில் வெளியிலிருந்து மூடுகிறார்கள் என்று, நிமிர்ந்து நின்று, அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன். மாற்றிச் சொன்னது எனக்குத் தெரியவில்லை.

ரெனே அந்த முகத்தை வைத்துக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவளின் அதே முகம். "மதாம், நேர்மாறாக அல்லவா? நீங்கள் முதல் படத்தை எங்கே பார்த்தீர்கள்?"

"இந்தியாவில்."

தோல் சட்டை போட்ட ஒரு கல்லூரி மாணவன் உட்கார்ந்தபடியே சொன்னான். "அங்கே படத்தைத் தலைகீழாக ஓட்டியிருப்பார்கள்."

அப்போதுதான் எல்லாரும் சிரித்தது. நான் திரும்பி சில்வியைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

6

வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று கேட்டேன். "நான் என்னடி தப்பாச் சொன்னேன்?"

"தெஓர், தெதான் ரெண்டையும் மாத்திச் சொல்லிட்ட" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான் என்ன சொல்ல வந்தேன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் வாயத் தொறக்கல?"

"எல்லாரும் பாத்தாங்க."

"எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச."

அந்துவான் உள்ளே வந்தார். "விடு லூர்து. சின்னப் புள்ள. ஒரு சினிமாவுக்கா இவ்ளோ?"

"சினிமாவுக்கு இல்லீங்க" என்றேன். பிறகு அவளிடம் திரும்பினேன். "நாளைக்கி நான் ஆஸ்பத்திரில கெடப்பேன். எங்க வலிக்குதுன்னு டாக்டர் கேப்பாரு. நான் ஒரு வார்த்தைய மாத்திச் சொல்லுவேன். அப்பவும் பக்கத்துல நின்னுக்கிட்டு வாயப் பொத்திச் சிரிப்பியா?"

அழுதுகொண்டே அறைக்குள் போனாள். நான் தேற்றப் போகவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன், நல்ல தாய் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஐந்து நாள் அவளிடம் சாப்பிடு, கதவைச் சாத்து, விளக்கை அணை என்பதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

ஆறாவது நாள் நான் ஒரு அட்டையில் பிரெஞ்சில் இரண்டு வரி எழுதினேன். முதல் படம், வெளியே. இரண்டாம் படம், உள்ளே. அகராதியைப் பார்த்து, தப்பில்லாமல். மேஜைமேல் வைத்திருந்தேன். காலையில் பார்த்தபோது ஒரு எழுத்துக்கு மேல் விட்டுப்போன கோட்டைப் பென்சிலால் யாரோ போட்டிருந்தார்கள்.

7

அடுத்த சனிக்கிழமை நான் தனியாகக் கிளம்பினேன். லிப்ட் வாசலில் சில்வி வந்து நின்றாள். இரண்டு பேரும் பேசாமல் நடந்து போனோம்.

கூட்டம் தொடங்கியதும் எழுந்தேன். அட்டையைக் கையில் வைத்திருந்தேன். ரெனே கையைக் காட்டி நிறுத்தினார். "மன்னிக்கவும் மதாம். குறைகள் போன வாரத்தோடு முடிந்தன. இன்று நிறைகள் மட்டும்."

பார்த்தீர்களா? குறை சொல்லக்கூட ஒரு தேதி. அது தவறிவிட்டால் கண்ணாடிச் சன்னல் மூடிவிடும். எனக்கு அட்டையைக் கிழித்து அவர் தாடியில் எறியலாம் போல இருந்தது.

பக்கத்து நாற்காலி நகர்ந்தது. சில்வி எழுந்திருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன.

"போன வாரம் என் அம்மா இரண்டு சொற்களை மாற்றிச் சொல்லிவிட்டார். அவர் சொல்ல வந்தது சரி. எனக்குத் தெரிந்திருந்தும் நான் பேசாமல் இருந்தேன்." ரெனே பக்கம் திரும்பினாள். "உங்களிடம் முதல் படத்தின் காசெட் இருக்கிறது. போட்டுப் பாருங்கள். கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே கிடையாது."

ரெனேவுக்கு ஒரு நல்ல குணம், எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். காசெட்டை எடுத்துவந்து கடைசிக் காட்சியில் நிறுத்தினார். வெறும் தகடு. படம் திரையில் நடுங்கிக்கொண்டே நின்றது. எரிபொருள் கணக்குப் பேசியவர் எழுந்து கிட்டே போய் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இரண்டாம் பாகத்தில் உள்ளிருந்து இழுக்கிறான்" என்றார் மெதுவாக. "அப்படியானால் அவளை விட்டுவிட்டுப் போக வேண்டிய தேவையே இல்லை. முழுக் கதையும் போயிற்று."

தோல் சட்டைக்காரன் விடவில்லை. "இருக்கலாம். ஆனால் இந்தப் படத்தின் பலம் கதவில் இல்லை. அந்தப் பெண் மன்னிக்கிறாள் பாருங்கள், அதில் இருக்கிறது. அந்தச் சிரிப்புக்கு முன்னால் ஒரு கைப்பிடி என்ன பெரிய விஷயம்?"

பலர் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் பிரெஞ்சில் ஒரு சொல்லும் வரவில்லை. தமிழில்தான் வந்தது. சில்வியைப் பார்த்துச் சொன்னேன். "சொல்லு அவன்கிட்ட. மன்னிக்கிறது அவ வேல. கேக்குறது இவன் வேல. இவன் எங்க கேட்டான்? இருவது வருசம் விட்டுட்டுப் போனவன் மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்த கேக்கல. அவளச் சிரிக்க வச்சுட்டா சரியாப் போச்சா?"

சில்வி ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவளும் கோபமாக இருந்தாள். அந்தப் பையன் திரையில் நின்ற தகட்டைப் பார்த்தான். "இல்லை, கேட்கவில்லை" என்றான். அவன் நல்ல பையன்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் அந்தத் தலைகீழ்ப் பேச்சுக்கு அவனும் மன்னிப்புக் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. ரெனே எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

8

திரும்பும்போது சில்வி கையைக் கோத்துக்கொண்டாள். "முன்னாடி ஊர்ல யாருகிட்ட இந்தப் படத்தப் பத்திப் பேசுவ?"

"செண்பகம்னு ஒரு அத்தை. தலைவன் பண்ணுனது தப்புன்னு எங்கிட்ட சண்ட போடுவா."

"அவங்களுக்கு எழுதேன். அவங்கதான் கரெக்டுன்னு எழுதேன்."

நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டேன்.

செண்பகத்துக்கு நான் எழுதி ஏழு வருஷமாகிறது. ஏன் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். எழுபத்தொன்பதின் கடைசியில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முருகையன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகு கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. பத்து நாள் தேடினார்கள். "வீட்டுல அவன் போட்டோ ஒண்ணுகூட இல்லடி" என்று எழுதியிருந்தாள். "உன் கல்யாணத்தன்னிக்கு எடுத்ததுல உன் பக்கத்துல நிக்கிறான். அத ஒரு காப்பி எடுத்து அனுப்பு. அம்மா அவன் மொவத்தப் பாக்கணும்னு கெடக்குறா."

படித்த அன்று அழுதேன். அடுத்த வாரம் ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்றிருந்தேன். அப்போது வீடு மாறிக்கொண்டிருந்தோம். ஆல்பம் எந்தப் பெட்டியில் என்று தெரியவில்லை. சில்விக்குக் காய்ச்சல். வாரம் மாதமாயிற்று. மாதம் ஆக ஆக எழுதக் கூச்சமாக இருந்தது. ஒரு வருஷம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. அதை நான் பிரிக்கவே இல்லை. ஆல்பம் இருந்த பெட்டியிலேயே போட்டு மூடிவிட்டேன்.

இதில் எந்த அலுவலகத்தின் தப்பும் இல்லை. படிவம் கேட்டவர் யாருமில்லை. எந்த மொழியும் காலை வாரவில்லை. ஒரு உறை, ஒரு தபால்தலை. நாற்பது பேருக்கு முன்னால் நின்று, அவன் எங்கே கேட்டான் என்று கத்தியவள் நான்தான்.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கினேன். இரண்டாவது கடிதத்தைப் பிரித்தேன். நான்கே வரி. "அம்மா கேட்டுக்கிட்டே இருக்கா. தொலைஞ்சு போச்சுன்னாலும் தொலைஞ்சு போச்சுன்னு எழுது. கேக்குறத நிறுத்திக்கிறோம்."

ஆல்பத்திலிருந்து அந்தப் போட்டோவையே உரித்து எடுத்தேன். காப்பி எடுக்கக் காத்திருக்கவில்லை. கடிதம் எழுத உட்கார்ந்தேன். சில்விக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறாய் என்றாள். படத்தின் இரண்டாம் பாகத்தைப் பற்றி ஆரம்பித்திருக்கிறேன் என்றேன்.

"ம்மா, அது எதுக்கு?" என்றாள்.

கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். உன் கடிதம் கிடைத்தது, இரண்டும் கிடைத்தது. போட்டோ தொலையவில்லை. நான் அனுப்பவில்லை. காரணம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என்னை மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன். இவ்வளவுதான்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அதைத் திருத்தாமல் அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"லூர்துக்கு. போட்டோ வந்துச்சு. அம்மா செத்து நாலு வருசம் ஆச்சு. பாக்காமத்தான் செத்தா. கடைசிக்குப் பக்கத்து வூட்டுப் பையனக் கூப்புட்டு வச்சுக்கிட்டு, முருகையன் மூக்கு இப்புடித்தான் இருக்குமான்னு என்னயக் கேட்டா. ஆமாம்மான்னு சொன்னேன். நீ மன்னிச்சுக்கன்னு எழுதியிருக்க. எனக்கு இன்னும் வயிறு எரியுது, அதனால அதப் பத்தி இப்ப எழுதல. போட்டோவ ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். அவன மட்டும் தனியா வெட்டிப் பெருசாக்கிக் குடுங்கன்னேன். உன் கல்யாண முக்காடு காத்துல பறந்து அவன் தோள் மேலயும் கன்னத்து மேலயும் கெடக்குதாம். உன்ன வெட்டுனா அவனும் பாதி போயிருவான்னுட்டாரு. அதனால ரெண்டு பேரயும் சேத்துத்தான் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன். செத்தவனுக்கு மாலை போடணும். போட்டா உனக்கும் சேத்துப் போட்டதா ஆயிரும். நீ உசுரோட இருக்குற. நான் என்ன பண்ணுவேன்? மாலை இல்லாமத்தான் தொங்குது. வரவங்க எல்லாம் இந்தப் பொண்ணு யாருன்னு கேக்குறாங்க. பதில் சொல்லி முடியல. நீயே வந்து சொல்லு."

சலவைக்கூடத்துத் தலைவியிடம் ஆகஸ்டில் ஒரு மாதம் விடுப்புக் கேட்டேன். இரண்டு வாரம்தான் என்றாள். பதிமூன்று வருஷத்தில் நான் எத்தனை நாள் லீவு கேட்டிருக்கிறேன் என்று எடுத்துப் பார்க்கச் சொன்னேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன். மூன்று வாரம் கிடைத்தது.

சில்வியும் வருகிறாள். நேற்று பெட்டிக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று தமிழில் கேட்டாள்.

"அவங்க உன்னயத் திட்டுவாங்களா?"

"திட்டுவாங்க."

"எல்லார் முன்னாடியுமா?"

"தெருவே கூடி நிக்கும்."

"எனக்குப் புரியுமா?"

"புரியும்" என்றேன். "சிரிக்காமப் பக்கத்துல நில்லு."